கேள்வி – பதில்: துரைசுவாமியும் வன்னித் தொகுதியும்

கேள்வி: சேர் வைத்திலிங்கம் துரைசுவாமி பதினொரு வருடம் சபாநாயகராக இருந்தது எப்படி? அத்தனை தேர்தல்களில் வென்றாரா?
– வாசகர், நெடுங்கேணி

பதில்: இல்லை, ஒரே தேர்தல்தான். வேலணையில் 1874இல் பிறந்து, கல்கத்தாவில் படித்து, யாழ்ப்பாணத்தில் அப்புக்காத்தாக (வழக்கறிஞராக)ப் பெயரெடுத்தவர். 1921இல் சட்டநிரூபண சபைக்குள் நுழைந்தார். 1936இல் ஊர்காவற்றுறை உறுப்பினராக, அதற்குப் பின் வந்த சட்டமன்றமான அரசாங்க சபைக்குப் போய், அந்த வருட மார்ச்சில் அதன் சபாநாயகரானார். சபைக்குக் குறித்த ஆயுள் உண்டு. ஆனால் இரண்டாம் உலகப் போர் வந்ததால் தேர்தல் தள்ளிப்போய், சபை 1947 வரை நீண்டது. கதிரையும் கூடவே நீண்டது!

அந்தக் கதிரையின் கனத்தை அளவோடு எடைபோட வேண்டும். சபையில் ஏழு நிர்வாகக் குழுக்கள். ஒவ்வொன்றும் தன் தலைவரைத் தெரிவுசெய்யும், அவரே அமைச்சர். குழுவில் பெரும்பான்மை இல்லாதவருக்கு அமைச்சு கிடையாது. 1936இல் ஏழு அமைச்சர்களும் சிங்களவர். தமிழருக்குக் கிடைத்தது சபாநாயகர் பதவி, அதாவது மரியாதை, அதிகாரமல்ல. 1947 பொதுத் தேர்தலில் அல்பிரட் தம்பிஐயாவிடம் தோற்றார்.

கேள்வி: 1931 அரசாங்க சபைத் தேர்தல் பகிஷ்கரிப்பில் வன்னியும் சேர்ந்ததா?
– வாசகர், மாங்குளம்

பதில்: சேரவில்லை. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு இடங்கள்தான் காலியாகக் கிடந்தன. 1934 இடைத்தேர்தலில் நிரம்பின. நம் வன்னிப் பக்கம் மன்னார்–முல்லைத்தீவு என ஒரே தொகுதி, அதற்கு 1931இலேயே உறுப்பினர் இருந்தார். குடாநாட்டுக் கதையை வடமாகாணம் முழுவதற்கும் எழுதிவிடுகிறார்கள்.