ஹங்கேரியர்கள் அட்டிலாவின் வாரிசுகளா?

கேள்வி: ஹங்கேரியர்கள் ஹூணர் தலைவன் அட்டிலாவின் வம்சம்தானே? ஐரோப்பாவைக் கொள்ளையடித்துத் திரிந்த காட்டுமிராண்டிக் கூட்டம், ஜெர்மானிய மன்னன் ஓட்டோவிடம் அடி வாங்கிய பிறகுதான் நாகரிகமானது என்று படித்தேன். அவர்களுடைய மொழி தமிழுக்குச் சொந்தம் என்றும் சொல்கிறார்களே, உண்மையா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: அட்டிலா இறந்தது 453-இல். அர்பாத் என்ற தலைவனின் கீழ் மக்யார்கள் (ஹங்கேரியர்கள் தங்களை அழைத்துக்கொள்ளும் பெயர் இது) கார்பாத்திய மலைகளைத் தாண்டி இன்றைய ஹங்கேரிக்குள் நுழைந்தது 895 வாக்கில். நடுவில் 440 வருடங்கள். அந்த இடைவெளியில் அதே சமவெளியை அவார்கள் என்ற வேறொரு குதிரை வீரர் கூட்டம் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் ஆண்டு, பிராங்கிய மன்னன் சார்லமேனின் படைகளிடம் தோற்றும் போனது. அட்டிலாவை அர்பாதின் மூதாதையாக்கியவர், 1200 வாக்கில் தன் பெயரைச் சொல்லாமல் எழுதிய ஓர் அரண்மனை எழுத்தர். 1280-களில் கேசாவின் சைமன் என்ற குரு அதைப் பெரிதாக்கி, ஹூணோர், மகோர் என்று இரண்டு சகோதரர்கள் மான் துரத்திப் போன கதையையும் சேர்த்தார். இந்த மண் எங்கள் முப்பாட்டன் ஆண்ட மண் என்று சொல்லிக்கொள்வது அரச வம்சத்துக்கு வசதியாக இருந்தது. அந்தக் கதையைத்தான் நீங்கள் வரலாறாகப் படித்திருக்கிறீர்கள்.

மக்யார்களின் மொழி காட்டும் திசை வேறு. அதற்கு மிக நெருங்கிய உறவு மேற்கு சைபீரியாவில், ஓப் ஆற்றங்கரையில் மீன்பிடித்தும் வேட்டையாடியும் வாழ்ந்துவந்த கான்ட்டி, மான்சி மக்களின் மொழிகள். பின்னிஷ், எஸ்தோனியம், வட நார்வேயின் சாமி எல்லாம் தூரத்துச் சொந்தம். வெள்ளி கிரகம் சூரியனைக் கடப்பதைப் பார்க்க 1769-இல் வட நார்வேக்குப் போன யானோஷ் ஷாய்னோவிச் என்ற ஏசு சபைத் துறவி, அங்கே சாமி மொழியைக் கேட்டு ஆராய்ந்து, அடுத்த வருடமே இந்த உறவைப் புத்தகமாக எழுதினார். அட்டிலாவின் பேரன்கள் என்று பெருமைப்பட்டவர்களுக்கு அது கசந்தது. மீன் நாற்றம் அடிக்கும் சொந்தம் எங்களுக்கு வேண்டாம் என்று முகம் சுளித்தவர்கள் உண்டு.

சரி, அப்படியானால் கருங்கடலுக்கு வடக்கே கிழக்கு நோக்கி நீளும் ஸ்டெப்பி புல்வெளிக்கும் இவர்களுக்கும் சம்பந்தமே இல்லையா? நிறைய உண்டு. ஆனால் அது வம்ச சம்பந்தம் அல்ல, கூடி வாழ்ந்த சம்பந்தம். புல்வெளியில் ஒரு 'இனம்' என்பது பல குலங்கள் சேர்ந்து கட்டிய கூட்டணி. வேண்டியவர்கள் சேர்வார்கள், பிடிக்காதவர்கள் பிரிவார்கள். பைசாந்திய (கிழக்கு ரோம) பேரரசர் ஏழாம் கான்ஸ்டன்டைன் 950 வாக்கில் தன் மகனுக்காக எழுதிய நூலில் மக்யார்களைத் 'துருக்கியர்' என்றே குறிப்பிடுகிறார். ஏழு குலங்களின் பெயர்களையும் தருகிறார். அவர்கள், அப்போது அந்தப் புல்வெளியில் ஆண்ட கஸார்களோடு சேர்ந்து போர் செய்ததையும், கஸார் வழக்கப்படி அர்பாதைக் கேடயத்தில் தூக்கி நிறுத்தித் தலைவனாக்கியதையும் சொல்கிறார். கஸார்களை எதிர்த்துக் கலகம் செய்து தோற்ற கபார்கள் மக்யார்களிடம் வந்து சேர்ந்துகொண்டார்கள். தங்கள் மொழியையும் இவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்களாம்.

அரபு, பாரசீக எழுத்தாளர்கள் சொல்லும் இரட்டைத் தலைமையும் கஸார் ஏற்பாடுதான்: மரியாதைக்கு ஒரு கெந்தே, படை நடத்த ஒரு கியூலா. கோதுமை, பார்லி, ஆப்பிள், திராட்சை, கலப்பை, எருது, கன்று என்று வேளாண்மைக்கும் மாடு வளர்ப்புக்கும் ஹங்கேரிய மொழியில் இன்றும் புழங்குபவை துருக்கிய மொழிகளிலிருந்து வந்த சொற்கள். ஓயாமல் குதிரை ஏறிப் போன நாடோடிகள் என்று நாம் நினைக்கிற கூட்டம், உழவைப் புல்வெளியிலேயே படித்திருக்கிறது. இறந்தவரோடு குதிரையின் தலையையும் கால்களையும் மட்டும் புதைக்கும் வழக்கமும், முகத்தை வெள்ளித் தகட்டால் மூடும் வழக்கமும் வோல்கா, உரால் பக்கத்துக் கல்லறைகளிலும் கிடைக்கின்றன, ஹங்கேரியிலும் கிடைக்கின்றன. அவர்கள் வந்த வழியை அரசவைக் கதைகளைவிட இந்தக் கல்லறைகள் தெளிவாகச் சொல்கின்றன.

இனி கொள்ளைக்கு வருவோம். நான் அதை மறைக்கப்போவதில்லை. ஸ்லாவ் கிராமங்களில் ஆட்களைப் பிடித்துக் கருங்கடல் ஓரத்தில் பைசாந்தியர்களிடம் அடிமைகளாக விற்று, பட்டும் கம்பளமும் வாங்கிப் போனார்கள் என்று பாரசீக எழுத்தாளர் இபின் ருஸ்தா எழுதியிருக்கிறார். 926-இல் சுவிட்சர்லாந்தின் செயின்ட் கேலன் மடாலயத்துக்கு வந்தபோது விபோரடா என்ற பெண் துறவியைக் கொன்றார்கள். மக்யார்களின் அம்புகளிலிருந்து காப்பாற்று என்று இத்தாலியின் மொதேனா நகரத்தார் தங்கள் புனிதரிடம் பாட்டாகவே மன்றாடினார்கள். அந்தப் பயம் பொய்யல்ல.

ஆனால் அவர்களை யார் கூப்பிட்டார்கள் என்ற கேள்வியை நீங்கள் படித்த புத்தகம் கேட்டதா? 892-இல் மொராவியாவை அழிக்க மக்யார்களைத் துணைக்கு வைத்துக்கொண்டவன் கிழக்குப் பிராங்கிய (பின்னாளில் ஜெர்மனி ஆன நாட்டின்) மன்னன் அர்னுல்ஃப். இரண்டு வருடம் கழித்துப் பல்கேரிய மன்னன் சிமியோனை அடிக்கப் பைசாந்தியப் பேரரசர் ஆறாம் லியோ பரிசுகள் கொடுத்து அவர்களை அழைத்தார். டான்யூப் ஆற்றைக் கடக்கப் பைசாந்தியக் கப்பல்களே உதவின. சிமியோன் சும்மா இருக்கவில்லை. அவன் பெச்செனெகுகள் என்ற இன்னொரு புல்வெளிக் கூட்டத்தைத் தூண்டிவிட, அவர்கள் கருங்கடலுக்கு வடக்கே இருந்த மக்யார் குடியிருப்புகள் மேல் பாய்ந்தார்கள். மக்யார்கள் கார்பாத்தியத்துக்குள் வந்து குடியேறியதற்கு இந்த அடி ஒரு முக்கியக் காரணம். அண்டை வீட்டுச் சண்டைக்கு ஆள் பிடித்த பேரரசர்களின் கணக்கில் இதை யாரும் எழுதுவதில்லை.

அப்புறமும் இதே கதைதான். 899-இல் இத்தாலிக்குள் வந்த மக்யார்களை இத்தாலிய மன்னன் பெரங்கரின் படை பிரெந்தா ஆறு வரை துரத்தியது. கொள்ளையைத் திருப்பித் தருகிறோம், போக விடுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தார்களாம். மன்னன் மறுத்தான். அவனுடைய படை அசந்திருந்த நேரத்தில் பாய்ந்து நொறுக்கிவிட்டார்கள். அதே பெரங்கர் சில வருடங்களில் அவர்களுக்குப் பணம் கொடுத்து நண்பனாக்கிக்கொண்டான். 924-இல் பவியா நகரம் எரிந்ததே, அது பெரங்கர் தன் எதிரிகளுக்கு எதிராக வரவழைத்த மக்யார்கள் வைத்த தீ. 904-இல் பவேரியர்கள் மக்யார் தலைவன் குர்சானை விருந்துக்கு அழைத்து, விருந்திலேயே கொன்றார்கள். காட்டுமிராண்டி என்ற சொல்லை ஒரு பக்கத்துக்கு மட்டும் ஒதுக்குவது எப்படி நியாயம்?

நீங்கள் குறிப்பிட்ட ஓட்டோவின் கதையிலேயே இது இன்னும் பச்சையாகத் தெரியும். 954-இல் ஓட்டோவுக்கு எதிராக அவனுடைய மகன் லியுதோல்ஃபும் மருமகன் கொன்ராடும் கலகம் செய்தார்கள். அந்தச் சமயம் பார்த்து மக்யார்கள் உள்ளே வந்தார்கள். வோர்ம்ஸ் நகரில் அவர்களுக்கு விருந்து வைத்துப் பரிசு கொடுத்து அனுப்பினார்கள். அடுத்த வருடம் ஆகஸ்ட் 10 அன்று ஆக்ஸ்பர்க் அருகே லெக்பெல்டு போரில், ஓட்டோவிடம் சமாதானமாகியிருந்த கொன்ராடு மக்யார்களுக்கு எதிராக நின்றான். வெயில் தாங்காமல் கவசத்தைத் தளர்த்தியபோது தொண்டையில் அம்பு பாய்ந்து இறந்தான். பிடிபட்ட தலைவர்கள் புல்ச்சுவையும் லேலையும் ரேகன்ஸ்பர்க்கில் தூக்கிலிட்டார்கள். புல்ச்சு யாரென்று தெரிகிறதா? சில வருடங்களுக்கு முன் கான்ஸ்டான்டினோபிளுக்குப் போய் ஞானஸ்நானம் பெற்றவன். பேரரசர் கான்ஸ்டன்டைனே அவனுக்கு ஞானத்தந்தையாக நின்றார்.

லெக்பெல்டோடு எல்லாம் முடியவும் இல்லை. மேற்கே போவது நின்றது, பைசாந்தியப் பக்கம் படையெடுப்பு 970 வரை நடந்தது. அடி வாங்கியதால் நாகரிகமானார்கள் என்பதை நான் ஏற்க மாட்டேன். ஜெர்மனி உள்ளுக்குள் ஒன்றுபட்டபோது, கூலிக்கு அழைக்க மேற்கே ஆளில்லாமல் போனது. சமவெளியில் உழவும் கால்நடையும் ஏற்கெனவே நன்றாக இருந்தன. அர்பாதின் வம்சத்தில் வந்த கெசா, அவருக்குப் பின் மகன் ஸ்தீபன் என்று ஆண்டவர்கள் குலத்தலைவர்களின் கொட்டத்தை அடக்கிக் கிறிஸ்தவ அரசை அமைத்தார்கள். ஸ்தீபன் முடிசூடியது 1000-ஆம் வருட இறுதியிலோ 1001 தொடக்கத்திலோ. அவருக்குப் பிறகு 1070-களில் பைசாந்தியத்திலிருந்து வந்த கிரீடத்தில் ஹங்கேரிய மன்னனை 'துருக்கியாவின் அரசன்' என்றுதான் பொறித்திருக்கிறது. புல்வெளிப் பெயர் அவ்வளவு காலம் அவர்களோடு ஒட்டியிருந்தது. 1230-களில் ஜூலியன் என்ற துறவி வோல்கா பக்கம் போய், கிழக்கிலேயே தங்கிவிட்ட மக்யார்களைக் கண்டுபிடித்தார். இரு தரப்புக்கும் பேச்சு புரிந்தது. சில வருடங்களில் மங்கோலியர்கள் அந்தச் சமூகத்தை அழித்துவிட்டார்கள்.

கடைசியாகத் தமிழ். 1856-இல் கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் திராவிட மொழிகளை, அன்று 'சித்திய மொழிகள்' என்று அழைத்த கூட்டத்தோடு ஒப்பிட்டார். ஹங்கேரியமும் பின்னிஷும் அதில் அடங்கும். நீங்கள் கேள்விப்பட்டதன் வேர் அங்கேதான். வேர்ச்சொல்லோடு விகுதிகளை ஒட்டிக்கொண்டே போகும் பழக்கம் இரண்டிலும் இருக்கிறது, ஆனால் அது ஜப்பானியத்திலும் துருக்கியத்திலும்கூட இருக்கிறது. ஒரே தாயின் பிள்ளைகள் என்று சொல்ல ஒழுங்கான ஒலி மாற்றங்களைக் காட்ட வேண்டும். மொழியியலாளர்கள் ஏற்கும்படி அதை இதுவரை யாரும் காட்டவில்லை. ஆகவே ஹங்கேரியம் தமிழுக்குச் சொந்தம் என்பதை நம்ப இப்போதைக்குக் காரணமில்லை.