மொய் நோட்டில் எழுதாதது

(நீடாமங்கலம் பக்கத்துக் கிராமத் தபாலாபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அக்கா, வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கஜா புயலின்போது பக்கத்து வீட்டு வாசலில் விழுந்து கிடந்த தென்னை மரங்களை என் மிஷினை வைத்து நான்தான் அறுத்து ஒதுக்கினேன். கரண்ட் வரும்வரை அவர்கள் தொட்டிக்கும் என் ஜெனரேட்டரில்தான் தண்ணீர் ஏற்றினேன். போன மாதம் என் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அந்த வீட்டிலிருந்து ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. இனிமேல் யாருக்கும் எதுவும் செய்ய வேண்டாம் என்று தோன்றுகிறது. சரிதானா அக்கா?
வாசகர், பேராவூரணி

அம்மா இப்போது எப்படி இருக்கிறார்கள்? அதை எழுதாமல் விட்டுவிட்டீர்களே தம்பி. அடுத்த கடிதத்தில் அவசியம் எழுதுங்கள்.

உங்கள் ஊரில் மொய் விருந்து தெரியாதவர் கிடையாது. ஆடி, ஆவணியில் பந்தல் போட்டு, கறிச்சோறு போட்டு, வருகிறவர்கள் வைக்கிற பணத்தைப் பேர், ஊர், தொகை என்று நோட்டில் எழுதிக்கொள்கிறோம். ஒருவர் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை விருந்து வைப்பார். வாங்கியவர் திருப்பிச் செய்யும்போது மேலே கொஞ்சம் சேர்த்து வைப்பார். அந்தப் பணத்தில் போர்வெல் போட்டவர்கள் உண்டு, பெண்ணைக் கட்டிக்கொடுத்தவர்கள் உண்டு. மொய்யை நான் ஒருநாளும் மட்டமாகப் பேச மாட்டேன். திரும்பி வரும் என்று இரண்டு பக்கமும் தெரிந்தே செய்கிறார்கள். அதில் ஒளிவு மறைவு இல்லை.

2018 நவம்பர் 16 விடிந்தபோது நீங்கள் மிஷினை எடுத்துக்கொண்டு போனீர்களே, அது மொய் இல்லை. அந்த வீட்டுக்காரர் எதையும் திருப்பித் தருவதாக அன்று ஒப்புக்கொள்ளவில்லை. வாசலில் மரம் கிடந்தது, அறுத்தீர்கள், அவர்கள் வெளியே வந்தார்கள். காரியம் அதோடு முடிந்தது. ஆனால் நீங்கள் அதை மனசுக்குள் ஒரு நோட்டில் எழுதி வைத்துவிட்டீர்கள். அப்படி ஒரு நோட்டு இருப்பதே அவருக்குத் தெரியாது. தெரியாத கடனை அவர் எப்படி அடைப்பார்?

உங்கள் வருத்தம் நியாயமானதுதான். தென்னையை விட்டுவிடுங்கள். சுவருக்குச் சுவர் இருக்கிறவர், உடம்பு சரியில்லாத அம்மாவைப் பார்க்க வந்திருக்க வேண்டும். நீங்கள் அவருக்கு ஒன்றுமே செய்யாமல் இருந்திருந்தாலும் வந்திருக்க வேண்டும். "அம்மாவப் பாக்க வரலையே அண்ணே" என்று நேரே கேளுங்கள். கேட்கும்போது மிஷினும் ஜெனரேட்டரும் வாயில் வரக்கூடாது. வந்தால் அவர் உங்கள் முன்னால் கூனிப்போவார். அப்புறம் உங்களைக் கண்டாலே வேறு தெரு வழியாகப் போவார்.

மிஷினை எண்ணெய் போட்டு வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை வருகிறது.

ஏதாவது உதவி செய்தால் பதிலுக்குக் காயோ பழமோ கொண்டுவந்து கொடுக்கிறார்கள். வாங்கினால், எதிர்பார்த்துச் செய்தது போல ஆகிவிடாதா?
வாசகி, கும்பகோணம்

வாங்கிக்கொள்ளுங்கள் அம்மா. இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது.

எங்கள் பக்கத்தில் சிங்கப்பூருக்குப் போன பிள்ளைகள் நிறைய. எழுதத் தெரியாத அம்மாக்கள் ஆபீஸ் முடிகிற நேரத்தில் கடிதம் எழுதிக்கொள்ள வருவார்கள். "நாத்து விட்டாச்சுன்னு எழுது, மாடு கன்னு போட்டிருக்குன்னு எழுது, ஒடம்பு நல்லாருக்குன்னு எழுது" என்பார்கள். உடம்பு நன்றாக இருக்காது, அது எனக்கும் தெரியும். அப்படி வந்த ஒரு அம்மா அடுத்த முறை முந்தானையில் முருங்கைக்கீரை கட்டிக்கொண்டு வந்தது. என்னோடு வேலை பார்த்த பெரியவர் அன்றைக்கு எழுதிக் கொடுத்தார். உத்தமமான மனிதர், கீரையைத் தொடக்கூட மாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிட்டார். அந்த அம்மா அதற்கப்புறம் கடிதம் எழுத வரவே இல்லை. பள்ளிக்கூடத்துப் பையன் யாரையோ பிடித்து எழுதிக்கொண்டது.

நான் வீடு தேடிப் போய் ஒரு பிடி கீரை கேட்டு வாங்கிவந்தேன். மறுமாதம் அந்த அம்மா மறுபடி கடிதம் எழுதிக்கொள்ள வந்தது. வாங்குகிற கையாகவே இருப்பது எவ்வளவு பாரம் என்று கொடுக்கிறவருக்குத் தெரிவதில்லை. காசு நீட்டினால் மறுக்கலாம். கீரை, ஒரு தம்ளர் மோர், நாலு வெள்ளரிப்பிஞ்சு, இதையெல்லாம் சிரித்துக்கொண்டே வாங்குங்கள்.

உதவி செய்வதைப் போட்டோ எடுத்துப் போடுவது தப்பா? அதைப் பார்த்து நாலு பேர் செய்வார்களே?
கல்லூரி மாணவி, திருவாரூர்

நாலு பேர் செய்வார்கள், ஒத்துக்கொள்கிறேன். நீ பொருளைப் படம் எடு, லாரியைப் படம் எடு, அரிசி மூட்டையைப் படம் எடு. வாங்குகிறவர் முகத்தை எடுக்காதே கண்ணு.

புயலுக்குப் பிறகு வெளியூர்களிலிருந்து வண்டி வண்டியாகச் சாமான் வந்தது. தமிழ்நாடே திரண்டு வந்ததை நாங்கள் மறக்க மாட்டோம். ஆனால், களத்தில் நெல் அளந்து போட்ட கை ஒரு சாப்பாட்டுப் பொட்டலத்துக்காகச் செல்போன் முன்னால் நீண்டதையும் பார்த்தேன். அந்த மனிதர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இங்க பாருங்க ஐயா" என்று கூப்பிட்டுத் திரும்ப வைத்தார்கள். அது எனக்கு இன்றும் ஆறவில்லை.

பலன் எதிர்பார்க்காமல் செய்தால் புண்ணியம் உண்டா?
வாசகர், மயிலாடுதுறை

எனக்குத் தெரிந்தது சுமைதாங்கிக் கல்தான். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணுக்காகச் சாலையோரத்தில் நட்டு வைப்பார்கள். தலைச்சுமைக்காரர்கள் பிறர் உதவி இல்லாமல் சுமையை இறக்கி வைக்கலாம், திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். யார் நினைவாக நட்டது என்று அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. புண்ணியக் கணக்கை நட்டவர்களும் எழுதி வைக்கவில்லை.

நான் சின்ன விவசாயி. கையில் காசு நிற்பதில்லை. என்ன உதவி செய்ய முடியும்?
வாசகர், மன்னார்குடி

உங்களுக்கு எந்த ஆற்றுத் தண்ணீர், பாமணியாறா? மேட்டூரில் ஜூன் 12 திறந்தால் கல்லணைக்கு வந்து, வெண்ணாற்றில் இறங்கி, எங்கள் ஊர் மூணாறு தலைப்பு அணையில் பிரிந்து உங்களிடம் வருகிறது. உங்களுக்கும் கீழே கடைமடைக்காரர் காத்திருக்கிறார். அவரை நீங்கள் பார்த்திருக்கக்கூட மாட்டீர்கள்.

உங்கள் வயலை ஒட்டிப் போகிற வாய்க்காலில், மடைவாயில் ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக் பாட்டிலும் அடைத்துக்கொண்டு நிற்கும். உங்கள் வயல் பாய்ந்த பிறகும் அதை எடுத்து விடுங்கள். அவருக்கு ஒரு நாள் முன்னதாகத் தண்ணீர் போனால் போதும், நாற்று பிழைத்துவிடும். ஆற்று மதகில் கை வைக்க வேண்டாம், அது மதகைத் திறந்து மூடுகிற லஸ்கர் வேலை. நீளமான மூங்கிலில் அரிவாளைக் கட்டிக் கரையில் நின்றே இழுங்கள், குப்பைக்குள் பாம்பு இருக்கும். இழுத்ததைக் கரையை விட்டுத் தள்ளிப் போடுங்கள். இல்லையென்றால் முதல் மழைக்கே மறுபடி உள்ளே வந்துவிடும்.