அலமாரி இருக்கட்டும், முதலில் நோட்டு வாங்குங்கள்

போன இதழில் "பழைய பொருள்கள், அருங்காட்சியகம் பற்றிக் கேட்கலாம்" என்று ஒரு வரி எழுதினேன். அவ்வளவுதான், பீடோங் தபால்காரர் என்னை முறைக்கும் அளவுக்குக் கடிதங்கள் வந்துவிட்டன. லாட்டரிக்கு நாலு நம்பர் கேட்டு எழுதியவருக்கு மட்டும் பதில் இல்லை, மன்னிக்கவும். மற்றவற்றில் சில இங்கே.

கேள்வி: ஐயா, என் மகன் நான்காம் ஆண்டு படிக்கிறான். பள்ளியில் லெம்பா பூஜாங் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனார்கள். பஸ், சாப்பாடு என்று 25 வெள்ளி கொடுத்தேன். திரும்பி வந்து "ஒன்றுமே இல்லம்மா, உடைஞ்ச செங்கல்தான்" என்கிறான். அந்தக் காசுக்கு வேறு ஏதாவது வாங்கிக் கொடுத்திருக்கலாமோ?
(ஒரு தாய், லூனாஸ்)

பதில்: உங்கள் மகன் பொய் சொல்லவில்லை அம்மா. நாற்பது பிள்ளைகள், ஒன்றரை மணி நேரம், அதில் அரை மணி நேரம் கழிப்பறை வரிசையில் போயிருக்கும், மீதி நேரத்தில் பெயர்ப் பலகைகளைப் பார்த்து நோட்டில் எழுது எழுது என்று விரட்டியிருப்பார்கள் (நானும் வாத்தியாராக இருந்து இதையேதான் செய்தேன்). அவன் கண்ணுக்குச் செங்கல் தெரிந்தது, செங்கலுக்கு மேல் என்ன இருந்தது என்று யாரும் அவனைக் கேட்கவில்லை.

அடுத்த முறை நீங்களே அழைத்துப் போங்கள். மெர்போக் என்ன, நமக்குத் தூரமா? குனோங் ஜெராய் அடிவாரம்தான். நேராக புக்கிட் பத்து பஹாட் சண்டிக்கு (பழங்காலக் கோயில் கட்டடத்தை இங்கே சண்டி என்பார்கள்) ஏறிவிடுங்கள். பஹாட் என்றால் மலாயில் உளி. உளி வைத்துச் செதுக்கிய கல் கிடந்த குன்று என்பதால் அந்தப் பெயர். அங்கே வரிசையாகத் தூண் நிறுத்தும் அடிக்கற்கள் இருக்கும், அவற்றில் குழி இருக்கும். "இந்தக் குழி எதுக்குடா?" என்று மட்டும் கேளுங்கள், பதிலை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். கோயில் திருவிழாவுக்குப் பந்தல் போடுவதைப் பார்த்த பையன்தானே, கொஞ்சம் நேரம் கொடுத்தால் இங்கே மரத்தூண் நின்றிருக்க வேண்டும் என்று அவனே சொல்வான். தூணும் கூரையும் நம் ஊர் மழையில் மக்கிப் போயின, கல் மட்டும் மிச்சம். இதை அவன் வாயால் சொல்லிவிட்டால் 25 வெள்ளி வசூலாகிவிட்டது.

இன்னொன்றும் கேளுங்கள்: இந்தக் கல் இங்கேதான் இருந்தது என்று யாருக்குத் தெரியும்? 1930களில் குவாரிட்ச் வேல்ஸ் என்பவரும் அவர் மனைவியும் இந்தப் பக்கம் பல இடங்களில் தோண்டிப் பார்த்தார்கள். 1959-60இல் அலஸ்டேர் லேம்ப் தலைமையில் இந்தச் சண்டியை மறுபடி தோண்டி, அளந்து, கல் கல்லாக அடுக்கினார்கள். அப்போது அடித்தளத்தில் கல் பேழைகள் கிடைத்தன, உள்ளே செம்புக் குடுவையும் சின்னச் சின்னப் பொருள்களும். நாம் வீட்டுக்கு நிலை வைக்கும்போது அடியில் நவரத்தினம் போடுகிறோமே, அது மாதிரி என்று சொன்னால் பையனுக்குச் சட்டென்று புரியும். அருங்காட்சியக வளாகத்தில் இருக்கும் மற்ற சண்டிகள் வேறு இடங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து வைத்தவை. இது மட்டும் கட்டிய இடத்திலேயே நிற்கிறது, பெயருக்கேற்ற சண்டிதான்.

எல்லாச் சண்டிக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. சுங்கை பத்து பக்கம் இருந்த 11ஆம் எண் சண்டியை வீடு கட்டுவதற்காக இடித்துத் தள்ளிவிட்டார்கள். வெளியே தெரிந்தது 2013இல். அதையும் அவனிடம் சொல்லுங்கள், பிள்ளை என்று மறைக்க வேண்டாம்.

கேள்வி: அருங்காட்சியகத்தில் ராத்திரி பேய் நடமாடுகிறதாமே?
(படிவம் 2 மாணவி, கூலிம்)

பதில்: இருந்தால் அதற்கும் ஒரு பதிவு எண் போட்டிருப்பார்கள், விசாரித்துப் பார் தங்கச்சி.

கேள்வி: அப்பா 38 வருடம் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். இப்போது எங்கள் தோட்டமே செம்பனை ஆகிவிட்டது. அவருடைய பால் வெட்டும் கத்தி, வாளி தூக்கும் காண்டாக் கம்பு, இரண்டு வாளி, பால் பிடிக்கும் மங்கு பத்துப் பதினைந்து, பழைய செக்ரோல் (வேலைக்கு வந்த நாள் கணக்கு) சீட்டு எல்லாம் வைத்திருக்கிறேன். வீடு மாறப் போகிறோம், மனைவி தூக்கிப் போடச் சொல்கிறாள். அருங்காட்சியகத்தில் கொடுத்தால் வாங்குவார்களா? கத்தியைத் துரு நீக்கி வார்னிஷ் அடித்துக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன்.
(சுங்கைப்பட்டாணி வாசகர்)

பதில்: தம்பி, முதலில் அந்த வார்னிஷ் டின்னைக் கீழே வையுங்கள்.

கத்தியின் பிடி அப்பாவின் கை பட்டுத் தேய்ந்திருக்கும், அலகு தீட்டித் தீட்டி ஒரு பக்கம் குறைந்திருக்கும். இடது கைக்காரரா, எந்தக் கோணத்தில் பட்டையைச் சீவினார், எவ்வளவு நாள் உழைத்த கத்தி, இதையெல்லாம் அந்தத் தேய்மானத்திலிருந்துதான் படிக்க முடியும். நீங்கள் துருவைத் தேய்க்கும்போது அதையும் சேர்த்துத் தேய்த்துவிடுவீர்கள். உலர்ந்த துணியால் தூசி தட்டினால் போதும். மங்கின் உள்ளே காய்ந்த ஒட்டுப்பால் இருந்தால் உரிக்காதீர்கள், அதுவும் பொருள்தான். செக்ரோல் சீட்டை லேமினேட் செய்துவிடாதீர்கள், பிறகு அதைப் பிரிக்கவே முடியாது. செலோடேப் அதைவிட மோசம், நாலைந்து வருடத்தில் மஞ்சள் கறையாகக் காகிதத்துக்குள் இறங்கிவிடும். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால் நம் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சை பிடிக்கும். காற்று போகிற அட்டைப் பெட்டி, தரையிலிருந்து ஒரு முழம் உயரம், மாதத்துக்கு ஒருமுறை திறந்து கரையான், ராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பது. இதற்குமேல் வீட்டில் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

சரி, வாங்குவார்களா? வெறும் கத்தியாகக் கொண்டுபோனால் "நன்றி, எங்களிடம் இருக்கிறது" என்று சொல்ல நிறைய வாய்ப்பு உண்டு. நாடு முழுக்க ரப்பர் போட்ட தேசத்தில் பால் வெட்டும் கத்திக்கா பஞ்சம்? அவர்களிடம் இல்லாதது கதை. அருங்காட்சியகம் என்றால் நாம் கண்ணாடிப் பெட்டியை நினைக்கிறோம். கண்ணாடிக்குப் பின்னால் வைப்பது அவர்களிடம் இருப்பதில் ஒரு சிறு பங்குதான், மீதி கிடங்கில் இருக்கும். உண்மையான அருங்காட்சியகம் என்பது அங்கே இருக்கும் பதிவேடு. எந்தப் பொருள், யாரிடமிருந்து, எந்த இடத்தில், எப்போது, எதற்குப் பயன்பட்டது என்று எழுதி எண் கொடுத்திருப்பார்கள். அந்த எண் அழிந்துவிட்டால் ராஜா வாளும் பழைய இரும்புதான்.

அதனால் அப்பா இருக்கும்போதே (கடிதத்தைப் படித்தால் இருக்கிறார் என்றுதான் தோன்றுகிறது, இருக்கட்டும்) ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள், கைப்பேசியில் பதிவையும் போட்டுவிடுங்கள். "உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கப்பா" என்று கேட்டால் "என்னத்தச் சொல்ல" என்பார். கத்தியைக் கையில் கொடுத்துக் கேளுங்கள். பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுப்பது) எத்தனை மணிக்கு? எந்தத் தீம்பாரில் (தோட்டத்தின் எந்த மரப் பகுதியில்) நிரை? ஒரு நாளைக்கு எத்தனை மரம்? ஏன் விடியுமுன்னே வெட்ட வேண்டும்? (குளிர்ச்சியான நேரத்தில் மரத்துக்குள் அழுத்தம் அதிகம், பால் நன்றாக வடியும். ஆனால் இதை அவர் சொல்கிற மாதிரி நானும் சொல்ல முடியாது, நீங்களும் சொல்ல முடியாது.) மழை பிடித்துக்கொண்டால் அன்றைக்குச் சம்பளம் என்ன ஆகும்? காண்டாவை எந்தத் தோளில் வைப்பார்? அம்மா கூட வந்தாரா, வந்தால் கைக்குழந்தை ஆயாக் கொட்டகையில் யாரிடம் இருந்தது? அவர் சொல்கிற சொல்லையே எழுதுங்கள், அவர் மங்கு என்றால் நீங்கள் கிண்ணம் என்று திருத்தாதீர்கள். தோட்டப்புறத்துத் தமிழுக்கென்று பெரிய அகராதி எதையும் நான் பார்த்ததில்லை, அது இந்த மாதிரி நோட்டுகளில்தான் பிழைக்க வேண்டும்.

நோட்டோடு போனால் நிலைமை வேறு. கொடுக்கும்போது எழுத்தில் கொடுங்கள், நன்கொடையா இரவலா என்பது அதில் இருக்கட்டும், ஒரு பிரதி கையில் வையுங்கள், நோட்டின் நகலும் உங்களிடம் இருக்கட்டும். மனைவியிடம் அந்தப் பெட்டிக்கு இன்னும் ஒரு மாதம் தவணை கேளுங்கள்.

கேள்வி: நிலத்தைத் தோண்டும்போது ஒரு சிலை கிடைத்தால் நாமே வைத்துக்கொள்ளலாமா?
(பெயர் வேண்டாம் என்று எழுதியவர்)

பதில்: பெயர் வேண்டாம் என்றபோதே பதில் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. கூடாது. 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுரிமைச் சட்டம் இருக்கிறது, மாவட்ட அதிகாரியிடம் சொல்ல வேண்டும். அதைவிட முக்கியம், எடுக்காதீர்கள். எந்த ஆழத்தில், எந்த மண்ணில், பக்கத்தில் எந்த ஓட்டோடு கிடந்தது என்பதில்தான் அதன் வயது இருக்கிறது. தூக்கிக் கழுவிப் பூஜை அறையில் வைத்துவிட்டால் சிலை மட்டும் இருக்கும், அது எந்தக் காலத்துப் பொருள் என்று சொல்லத் துப்பு இருக்காது.

கேள்வி: நம் கடாரத்தைப் பற்றிய சோழர் செப்பேடு ஹாலந்துக்குப் போனது எப்படி ஐயா? திருடியதுதானே? கேட்டாலே ரத்தம் கொதிக்கிறது.
(இளைஞர், பீடோங்)

பதில்: கொதிக்கட்டும், ஆனால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை படித்துவிட்டுக் கொதிக்கட்டும். ராஜராஜனின் 21ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ 1006இல், நாகப்பட்டினத்தில் கடாரத்து அரசன் கட்டிய சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருமானத்தைக் கொடுத்த ஆவணம் அது. 21 ஏடுகள், கொஞ்சம் சமஸ்கிருதம், நிறைய தமிழ். அதாவது இந்தக் கெடாக் கரையை ஆண்ட பௌத்த ராஜா தமிழ்நாட்டில் விகாரை கட்டுகிறான், சைவனான சோழன் அதற்கு ஊர் கொடுக்கிறான். இருபது வருடம்கூட முழுதாக ஆகவில்லை, 1025இல் அந்தச் சோழனின் மகன் ராஜேந்திரன் கப்பலேறி வந்து இதே கடாரத்தை அடித்தான். நாம் 'கடாரம் கொண்டான்' என்று மார் தட்டுகிறோமே தவிர, ஆனைமங்கலத்தை மேடையில் யாரும் பேசுவதில்லை. டச்சுக்காரர்கள் நாகப்பட்டினத்தைக் கையில் வைத்திருந்த காலத்தில் அந்த ஏடுகள் அவர்களோடு கடல் கடந்து, பிறகு லைடன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தன. அதனால்தான் ஆனைமங்கலம் செப்பேட்டுக்கு லைடன் செப்பேடு என்றும் பெயர். முறையாகப் போனது என்று நான் வாதாட மாட்டேன்.

ஆனால் கணக்கு ஒரு பக்கம் மட்டும் இல்லை தம்பி. 1834இல் ஜேம்ஸ் லோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி நம் பக்கத்து செபராங் பிறையில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது, ஸ்தூபி பொறித்தது, புத்தகுப்தன் என்ற கப்பல் தலைவன் பயணம் நல்லபடி முடிய வேண்டும் என்று வேண்டி எழுதிய கல். அது இப்போது கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்காக இங்கே யாருக்கும் ரத்தம் கொதித்து நான் பார்க்கவில்லை. நாகப்பட்டினத்தில் 1856 முதல் தோண்டத் தோண்ட 350க்கும் மேற்பட்ட பௌத்தப் படிமங்கள் கிடைத்தன, நிறைய சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில், சில உலகம் பூராவும். ஒன்றோடொன்று சேர்த்துப் படிக்க வேண்டிய பொருள்கள் நாலு நாட்டில் கிடக்கின்றன. உரிமை யாருக்கு என்று அரசாங்கங்கள் பேசட்டும், பேசத்தான் வேண்டும். அதுவரை அச்சு எடுத்த பிரதி, தெளிவான படம், படித்துச் சொல்ல ஒரு ஆள், இவை மூன்றும் ஒரு மாதம் மெர்போக்குக்கு வந்தால் நான் முதல் ஆளாக வரிசையில் நிற்பேன். கொடுக்கல் வாங்கல் என்றால் அதுதான்.

கேள்வி: எஸ்டிபிஎம் முடித்துவிட்டேன். அருங்காட்சியகத்தில் டிக்கெட் கிழிப்பதைத் தவிர வேறு வேலை உண்டா?
(மாணவர், பாடாங் செராய்)

பதில்: உண்டு. பினாங்கில் இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தொல்லியல் படிக்கலாம். லெங்கோங் குகையில் 1990களின் தொடக்கத்தில் எடுத்த 'பேராக் மனிதன்' எலும்புக்கூடு, பத்தாயிரம் வருடத்துக்கு மேற்பட்டது, அவர்கள் எடுத்ததுதான். அந்த மனிதனுக்குப் பிறவியிலேயே கை விரல் எலும்பில் குறை இருந்தது என்று பிறகு ஆராய்ந்து சொன்னார்கள். எலும்பைப் பத்திரமாக வைத்திருந்ததால்தானே? நாளைக்கு வேறு கருவி வந்தால் வேறு கேள்வி கேட்பார்கள். வேதியியல் படித்தவர்களுக்கும் பாதுகாப்புப் பிரிவில் வேலை இருக்கிறது. பழந்தமிழ் எழுத்துப் படிக்கக் கற்றுக்கொள் தம்பி, தாய்லாந்தின் தகுவாபா, சுமத்ராவின் பாரூஸ் என்று தமிழ்க் கல்வெட்டுகள் நம்மைச் சுற்றித்தான் இருக்கின்றன, படிக்கிற ஆள்தான் குறைவு.

கேள்வி: எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் மண்டபத்தில் ஓர் அருங்காட்சியகம் அமைக்க நிதி திரட்டுகிறோம். கண்ணாடி அலமாரிக்கே 8,000 வெள்ளி கேட்கிறார்கள். உங்கள் ஆலோசனை?
(கோயில் நிர்வாகத்தினர், கெடா)

பதில்: அலமாரி இருக்கட்டும், முதலில் நாலு வெள்ளிக்கு ஒரு நோட்டு வாங்குங்கள். மேலே சுங்கைப்பட்டாணித் தம்பிக்குச் சொன்னதுதான் உங்களுக்கும்.

கோயிலில் அருங்காட்சியகமா என்று யாராவது கேலி செய்தால் இதைச் சொல்லுங்கள். தாய்லாந்தில் கிராபி பக்கம் கிளோங் தோம் என்ற ஊர் இருக்கிறது. அங்கேயும் ஒரு பௌத்தக் கோயில்தான், அதிலேயே ஓர் அருங்காட்சியகம். அதில் கையளவுக் கல் ஒன்று இருக்கிறது, பொன் உரைத்துப் பார்க்கும் கல். அதில் மூன்று நான்காம் நூற்றாண்டுத் தமிழ் எழுத்தில் 'பெரும்பதன் கல்' என்று வெட்டியிருக்கிறது. யாரோ ஒரு பத்தன், பொற்கொல்லன், தன் கல் தொலைந்துபோகக் கூடாது என்று பெயர் போட்டு வைத்திருக்கிறான். ராஜா இல்லை, தளபதி இல்லை, நம்மைப் போலக் கூலிக்கு உழைத்த ஒரு ஆள். பெயர் வெட்டாமல் விட்டிருந்தால் அது வெறும் கறுப்புக் கல், தமிழன் அங்கே உட்கார்ந்து வேலை பார்த்தான் என்று அந்தக் கல்லைக் காட்டிச் சொல்ல முடியுமா?

கேள்வி: ஊருக்கெல்லாம் சொல்கிறீர்களே, உங்கள் வீட்டில் என்ன பாதுகாத்து வைத்திருக்கிறீர்கள்?
(வம்புக்கார வாசகி, அலோர்ஸ்டார்)

பதில்: மாட்டிக்கொண்டேன். அம்மாவின் பால் வெட்டும் கத்தியைப் பழைய இரும்புக்காரரிடம் மூன்று வெள்ளிக்குப் போட்டவன் நான்தான், அப்போது எனக்குப் பத்தொன்பது வயது, அந்தக் காசில் படம் பார்த்தேன், என்ன படம் என்றுகூட ஞாபகம் இல்லை. ஒரே ஒரு மங்கு தப்பியது, அதுவும் என் மனைவி அதில் ஊசி நூல் போட்டு வைத்ததால். மண் மங்கு, உள்பக்கம் பச்சைப் பளபளப்பு, விளிம்பில் ஒரு சில்லு போயிருக்கிறது. இந்தப் பதில்களை எழுதும்போதுதான் வெட்கப்பட்டு அதற்கும் ஒரு சீட்டு எழுதி உள்ளே போட்டேன்: யாருடையது, எந்தத் தோட்டம், எந்த டிவிஷன். தீம்பார் என்ற இடத்தில் ஒன்றும் எழுத முடியவில்லை. பீடோங் பக்கம் 1960களில் பால் வெட்டியவர்கள் யாராவது இதைப் படித்தால், பச்சை மங்கு எந்தத் தீம்பாரில் கட்டினார்கள் என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள். சீட்டில் இடம் விட்டு வைத்திருக்கிறேன்.