பிரதமரால் எதுவரை முடியும்? – கேள்வி பதில்

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மாணவி: சார், பிரதமரின் அதிகாரங்கள் என்று ஒரு பட்டியல் அரசியலமைப்புச் சட்டத்தில் எந்தப் பிரிவில் இருக்கிறது? தேடித் தேடிப் பார்த்துவிட்டேன்.

கிடைக்காதும்மா, அப்படி ஒரு பட்டியலே கிடையாது. குடியரசுத் தலைவருக்கு ஆலோசனை சொல்ல பிரதமர் தலைமையில் அமைச்சர்கள் குழு இருக்கும் என்கிறது 74-வது பிரிவு. பிரதமர் சொல்படி மற்ற அமைச்சர்கள் நியமிக்கப்படுவார்கள், எல்லோரும் கூட்டாக மக்களவைக்குப் பொறுப்பு என்கிறது 75. அரசின் முடிவுகளைக் குடியரசுத் தலைவருக்குத் தெரிவிப்பது பிரதமரின் கடமை என்கிறது 78. இலாகா பிரிப்பது, அமைச்சரை ராஜினாமா செய்யச் சொல்வது, மக்களவையைக் கலைக்கப் பரிந்துரைப்பது எல்லாம் இந்தச் சில வரிகளிலிருந்தும், நடைமுறை விதிகளிலிருந்தும், வழக்கத்திலிருந்தும் வளர்ந்தவை. தேர்வுக்கு இதையும் குறித்துக்கொள்ளுங்கள்: 2003-ல் வந்த 91-வது திருத்தத்தின்படி அமைச்சர்கள் எண்ணிக்கை மக்களவை பலத்தில் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 543 இடங்களுக்கு, பிரதமரையும் சேர்த்து 81 பேர்.

ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்: கையெழுத்துப் போடுவது குடியரசுத் தலைவர்தானே? அவர் மாட்டேன் என்றால்?

ஒரு முறை திருப்பி அனுப்பலாம். 1976-ல் 42-வது திருத்தம், அமைச்சரவை சொல்வதைக் கேட்டே ஆக வேண்டும் என்று அவர் கையைக் கட்டியது. 1978-ல் 44-வது திருத்தம், "மறுபடி யோசியுங்கள்" என்று ஒரு தடவை சொல்லும் உரிமையைக் கொடுத்தது. மறுபடியும் அதே முடிவு வந்தால் ஏற்கத்தான் வேண்டும். ஆனால் அந்த ஒரு தடவையே போதுமானதாக இருந்திருக்கிறது. 1997 அக்டோபரில் உத்தரப் பிரதேசத்தில் கல்யாண் சிங் ஆட்சியை நீக்க பிரதமர் குஜ்ராலின் அமைச்சரவை பரிந்துரைத்தது. குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் திருப்பி அனுப்பினார். அமைச்சரவை வற்புறுத்தாமல் விட்டுவிட்டது.

கல்லூரி மாணவர்: 1975-ல் நெருக்கடி நிலையை ஒரே ஆள் எப்படிக் கொண்டுவர முடிந்தது? அமைச்சர்கள் யாரும் கேட்கவில்லையா?

கேட்பதற்கு அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டுமே, தம்பி. ஜூன் 25 இரவு இந்திரா காந்தி அனுப்பிய கடிதத்தின் பேரில் குடியரசுத் தலைவர் ஃபக்ருதீன் அலி அகமது கையெழுத்திட்டார். அவசரமான நேரத்தில் வழக்கமான நடைமுறையிலிருந்து பிரதமர் விலகலாம் என்ற அலுவல் விதிதான் அந்தக் கடிதத்துக்குப் பிடிமானம். தலைவர்களைக் கைது செய்யும் வேலை இரவோடு இரவாகத் தொடங்கிவிட்டது. மறுநாள் விடிகாலையில் கூட்டி உட்கார வைத்த பிறகுதான் பெரும்பாலான அமைச்சர்களுக்கு விஷயமே தெரியும். அத்தனை பேரும் ஒப்புதல் கொடுத்தார்கள். ஒருவர் எழுந்து மறுத்திருந்தால் என்ற எண்ணம் இன்றைக்கும் என் மனசை அறுக்கிறது.

அந்த ஓட்டையை அடைத்ததும் 44-வது திருத்தம்தான். இப்போது அமைச்சரவையின் முடிவு எழுத்தில் வந்தால்தான் குடியரசுத் தலைவர் பிரகடனம் செய்ய முடியும். அரசியலமைப்பில் 'கேபினட்' என்ற சொல் வருவது இந்த 352-வது பிரிவில் மட்டும்தான். 'உள்நாட்டுக் குழப்பம்' என்ற காரணத்தை எடுத்துவிட்டு 'ஆயுதக் கிளர்ச்சி' என்று வைத்தார்கள். ஒரு மாதத்துக்குள் இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையில் ஏற்க வேண்டும்.

ஒரு வாசகர்: 400 எம்.பி.க்கள் கையில் இருந்தால் நினைத்ததெல்லாம் நடக்கும்தானே?

ராஜீவ் காந்திக்கு அந்த அளவு பலம் இருந்தது. 1989-ல் பஞ்சாயத்து ராஜ் திருத்த மசோதா மக்களவையில் சுலபமாக நிறைவேறியது, மாநிலங்களவையில் தோற்றது. அதைவிட 1970-ல் இந்திரா காந்தி அரசின் மன்னர் மானிய (முன்னாள் மன்னர்களுக்கு அரசு கொடுத்துவந்த பணம்) ஒழிப்பு மசோதாவின் கதையைப் பாருங்கள். அரசியலமைப்புத் திருத்தம் என்பதால் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். மாநிலங்களவையில் ஆதரவு 149, எதிர்ப்பு 75. மொத்தம் 224-ல் மூன்றில் இரண்டு பங்கு என்றால் 149.33. ஒரு ஓட்டில் மூன்றில் ஒரு பங்கு குறைந்து மசோதா விழுந்தது! உடனே குடியரசுத் தலைவர் ஆணை மூலம் மன்னர்களின் அங்கீகாரத்தை ரத்து செய்தார்கள். உச்ச நீதிமன்றம் டிசம்பரில் அதையும் செல்லாது என்றது. 1971 தேர்தலில் ஜெயித்து வந்து 26-வது திருத்தம் கொண்டுவந்த பிறகுதான் மானியம் ஒழிந்தது. மானியம் ஒழிய வேண்டியதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதற்குச் சரியான வழி மக்களிடம் போய்க் கேட்டுவிட்டு வருவதுதான்.

இன்னொருவர்: பிரதமர் மக்களவை உறுப்பினராக இருக்க வேண்டாமா?

வேண்டாம். மன்மோகன் சிங் பத்து ஆண்டுகளும் மாநிலங்களவை உறுப்பினர்தான்.

வழக்கறிஞர் ஒருவர்: சொந்தக் கட்சிக்காரர்களே பிரதமரைத் தட்டிக் கேட்க முடியாதபடி கட்சித் தாவல் தடைச் சட்டம் செய்துவிட்டது என்பது சரியா?

பெருமளவு சரி. 1999 ஏப்ரலில் அ.தி.மு.க. ஆதரவை விலக்கியபின் வாஜ்பாய் 269-க்கு 270 என்று ஒரே ஓட்டில் கவிழ்ந்தாரே, அது கூட்டணி ஆட்சி. தனிப் பெரும்பான்மை உள்ள பிரதமரை அவையில் யார் அசைப்பது? 1985-ல் வந்த இந்தச் சட்டத்தின்படி, கொறடா உத்தரவை (இப்படி ஓட்டுப் போடு என்று கட்சி இடும் கட்டளையை) மீறி ஓட்டுப் போட்டால் பதவி போய்விடும். பிரிட்டனில் இப்படிச் சட்டம் இல்லை. 1990-ல் அங்கே பிரதமர் தாட்சரை வெளியேற வைத்தது அவருடைய கட்சி எம்.பி.க்கள்தான். நம்பிக்கை வாக்கெடுப்புக்கு மட்டும் இந்தத் தண்டனை போதும் என்று தினேஷ் கோஸ்வாமி குழு 1990-லேயே சொன்னது. என் கருத்தும் அதுதான். மற்ற மசோதாக்களில் எம்.பி.க்கு வாய் திறக்கும் உரிமை வேண்டும்.

மதுரை வாசகர்: மாநில ஆட்சியைக் கலைப்பது இப்போதும் பிரதமர் கையில்தானா?

1991 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஆளுநர் பர்னாலா அறிக்கை தர மறுத்தார். மாநில ஆட்சியைக் கலைக்க வழிசெய்யும் 356-வது பிரிவில் 'அறிக்கையின் பேரிலோ வேறு வகையிலோ' என்று இருக்கும் வாசகத்தைப் பிடித்துக்கொண்டு தி.மு.க. ஆட்சியைக் கலைத்தார்கள். அப்போது பிரதமர் சந்திரசேகர். காங்கிரஸ் வெளியிலிருந்து தாங்கிய சிறுபான்மை அரசு அது. தானே பெரும்பான்மை இல்லாத அரசு, சட்டமன்றத்தில் பெரும்பான்மை உள்ள அரசை வீட்டுக்கு அனுப்பியது.

1994-ல் எஸ்.ஆர். பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்குக் கடிவாளம் போட்டது. பெரும்பான்மை இருக்கிறதா என்பதை ஆளுநர் மாளிகையில் அல்ல, சட்டமன்றத்தில்தான் பார்க்க வேண்டும். நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஏற்கும்வரை சட்டமன்றத்தைக் கலைக்கக் கூடாது. பிரகடனம் தவறென்றால் நீதிமன்றம் பழைய ஆட்சியைத் திரும்ப உட்கார வைக்கலாம். 2016-ல் உத்தராகண்டில் ஹரீஷ் ராவத் அப்படித்தான் சட்டமன்றத்தில் பலத்தை நிரூபித்து மறுபடி முதல்வரானார்.