விளையாட்டின் வழியாகத் தன் வேகத்தில் கணிதம் கற்பது என்றால் என்ன?

ஒரு பாடத்தை முடித்து அடுத்ததற்கு எப்போது செல்வது என்பதை வகுப்பின் கால அட்டவணை அல்லாமல், குழந்தையின் புரிதலே முடிவு செய்வதுதான் தன் வேகத்தில் கற்பது. இட்லி மாவு பொங்கும் நேரத்தைக் கடிகாரம் தீர்மானிப்பதில்லை. குளிர்நாளில் கூடுதல் நேரம் பிடித்தாலும், பொங்கிய பிறகு இட்லி மெத்தென்றே வரும். கணிதத்தில் ஒவ்வொரு படியும் முந்தைய படியின் மேல் நிற்பதால் இந்தப் பொறுமை அவசியமாகிறது: இடமதிப்பு விளங்காத குழந்தைக்குக் கடன் வாங்கிக் கழிப்பது வெறும் சடங்காகிவிடும்.

இந்தப் பொறுமைக்கு விளையாட்டு இடம் தருகிறது: அதில் தவறினால் மதிப்பெண் குறைவதில்லை, இன்னொரு ஆட்டம் கிடைக்கிறது. அமெரிக்க உளவியலாளர்கள் கீதா ரமணியும் ராபர்ட் சீக்லரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், 1 முதல் 10 வரை எண்கள் வரிசையாக எழுதப்பட்ட பலகையில் மொத்தம் சுமார் ஒரு மணி நேரமே விளையாடிய, வருமானம் குறைந்த குடும்பங்களின் மழலையர் பள்ளிக் குழந்தைகள், எண்ணுவதிலும் இரு எண்களில் பெரியது எது என்று சொல்வதிலும் முன்னேறினர். எண்களின்றி நிறங்கள் மட்டுமே இருந்த பலகையில் ஆடியவர்களிடம் அந்த முன்னேற்றம் தென்படவில்லை. (வீட்டில் பரமபதம் ஆடும்போதும், ஐந்தாம் கட்டத்தில் நிற்கும் காயை ‘ஒன்று, இரண்டு’ என்று நகர்த்தாமல் ‘ஆறு, ஏழு’ என்று தொடரச் சொல்வது நல்லது.)

கணிதம் என்று பெயரிட்ட எந்தச் செயலியும் கணிதம் கற்பித்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். எண்ணைப் பற்றி யோசிக்காமலேயே வெல்ல முடிகிற ஆட்டம், எவ்வளவு நேரம் ஆடினாலும், வெறும் பொழுதுபோக்குதான்.