'ஸோ' எங்கே, 'சச்' எங்கே? ஆங்கில இலக்கணக் கேள்வி-பதில்

கேள்வி: 'ஸோ... தட்', 'சச்... தட்' இரண்டும் ஒன்றுதானே? எதை எங்கே போடுவது?

பதில்: இரண்டுமே 'அவ்வளவு... அதனால்' என்று காரணத்தையும் விளைவையும் ஒரே வாக்கியத்தில் கட்டுபவைதான். வித்தியாசம் அடுத்து வரும் சொல்லில் இருக்கிறது. உரிச்சொல்லோ வினையுரிச்சொல்லோ தனியாக வந்தால் 'ஸோ': 'தி பாக்ஸ் வாஸ் ஸோ ஹெவி தட் ஐ குட் நாட் லிஃப்ட் இட்.' கூடவே பெயர்ச்சொல்லும் வந்தால் 'சச்': 'இட் வாஸ் சச் எ ஹெவி பாக்ஸ் தட்...' இதில் 'எ' எப்போதும் 'சச்'சுக்குப் பின்னால்தான். ஒரே ஒரு இடத்தில் கவனம் தேவை: மெனி, மச், ஃபியூ போன்ற அளவுச் சொற்கள் வந்தால், பெயர்ச்சொல் இருந்தாலும் 'ஸோ'தான். 'ஸோ மெனி புக்ஸ்', 'ஸோ மச் ஒர்க்'.

கேள்வி: அதே வாக்கியத்தை 'டூ... டு' வைத்து மாற்றினேன். கடைசியில் இருந்த 'இட்'டைத் தவறு என்று அடித்துவிட்டார்கள். ஏன்?

பதில்: அடித்தது சரி. 'தட்'டுக்குப் பிறகு வருவது தனி வாக்கியம் மாதிரி. எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் எல்லாம் அதற்குள்ளேயே வேண்டும்; அதனால் அங்கே 'இட்' தேவை. 'தி பாக்ஸ் வாஸ் டூ ஹெவி ஃபார் மி டு லிஃப்ட்' என்பதில் எதைத் தூக்குவது என்பதைத் தொடக்கத்தில் உள்ள 'பாக்ஸ்' சொல்லிவிடுகிறது. இன்னொன்று: 'முடியவில்லை' என்ற பொருள் 'டூ'வுக்குள்ளேயே இருப்பதால் 'நாட்'டும் வராது. அப்புறம், தயவுசெய்து 'ஐ ஆம் டூ ஹேப்பி' என்று எழுதாதீர்கள். 'டூ' என்றால் அளவுக்கு மீறி. ரொம்ப சந்தோஷம் என்று சொல்ல 'வெரி' போதும்.

கேள்வி: 'எனஃப்' முன்னாலா, பின்னாலா?

பதில்: உரிச்சொல்லுக்குப் பின்னால், பெயர்ச்சொல்லுக்கு முன்னால்: 'டால் எனஃப்', 'எனஃப் டைம்'.

கேள்வி: 'சீனியர் தன் மி' சரியா?

பதில்: இல்லை, 'சீனியர் டு மி'. ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர் எல்லாம் லத்தீனிலிருந்து வந்த ஒப்பீட்டுச் சொற்கள், இவற்றுக்கு 'டு'தான்.

கேள்வி: 'ஹெர் ஹேண்ட்ரைட்டிங் இஸ் பெட்டர் தன் ஹெர் பிரதர்' என்பதில் என்ன தவறு?

பதில்: கையெழுத்தைத் தம்பியோடு ஒப்பிட்டிருக்கிறீர்கள்! கையெழுத்தைக் கையெழுத்தோடுதான் ஒப்பிட வேண்டும்: 'தன் ஹெர் பிரதர்ஸ்' (இங்கே 'ஸ்' பன்மை அல்ல, 'தம்பியுடையது' என்று பொருள்). நன்றாக ஆங்கிலம் எழுதுபவர்களும் சறுக்கும் இடம் இது. எழுதி முடித்ததும் 'தன்'னுக்கு இரண்டு பக்கமும் ஒரே இனம் நிற்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.