பழைய செடான் கார் வாங்கலாமா? அண்ணாச்சியிடம் சில கேள்விகள்

பாளையங்கோட்டையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அண்ணாச்சி, பழைய கார் தேடுபவர்களுக்குப் பதில் சொல்கிறார்.

சேரன்மகாதேவியிலிருந்து ஒருவர்: அண்ணாச்சி, ஸ்ரீவைகுண்டத்தில் 2018 மாடல் பெட்ரோல் மாருதி டிசையர் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 38,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. மற்ற இடங்களைவிட நாற்பதாயிரம் ரூபாய் குறைவு. அட்வான்ஸ் கொடுத்துவிடலாமா?

பொறுங்கள் தம்பி. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் அந்தக் கார் எங்கே நின்றது என்று முதலில் கேளுங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய வெள்ளம் அது. தாமிரபரணிக் கரையில் முழுகிய வண்டிகளைக் கழுவி, பாலிஷ் போட்டு நிறுத்தினால் வெளியே ஒன்றும் தெரியாது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டு கிடக்கும் பகுதியில் வண்டல் கறை மிச்சமிருக்கும். ஸ்டெப்னி கிடக்கும் குழியில் கைவிட்டுத் தடவுங்கள். சீட் நகரும் கம்பிகளின் போல்ட்டில் துருவா? கேபினில் வாசனைத் திரவியம் தூக்கலாக அடிக்கிறதா? அப்போதே சந்தேகப்படலாம். தண்ணீர் தரைவிரிப்புவரை ஏறியிருந்தால் வயரிங் கனெக்டர்கள் உள்ளுக்குள் பச்சை பூத்து, பல மாதம் கழித்துக்கூட வேலையைக் காட்டும். இன்று ஏர்பேக் விளக்கு எரியும், நாளை ஸ்டீயரிங் கனக்கும். காரணம் தேடியே காசு கரைந்துவிடும்.

அந்தப் பக்கத்துக் கார் எல்லாமே முழுகியது என்று நான் சொல்லவில்லை. மேட்டில் நின்றவை நிறைய உண்டு. விற்பவரிடம் காப்பீட்டு க்ளெய்ம் விவரமும் சர்வீஸ் பில்களும் கேளுங்கள்.

மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்; 2218 என்றால் 2018ஆம் ஆண்டின் 22ஆவது வாரம் தயாரானது. 38,000 ஓடிய காரில் நான்கு டயரும் புதிதென்றால் ஏன் மாற்றினார்கள் என்று கேட்க வேண்டாமா?

தென்காசியிலிருந்து ஒருவர்: கேரளப் பதிவு ஹோண்டா அமேஸ் மலிவாகக் கிடைக்கிறது. எடுக்கலாமா?

அந்த மலிவு, மறுபதிவுச் செலவைச் சேர்த்தால் நிற்குமா என்று பாருங்கள். அங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், இங்கே ஆயுள் வரி கட்ட வேண்டும். கணக்கு ஒத்துவந்தால் எடுங்கள். வண்டி மேல் எனக்கு வருத்தமில்லை. அடிப்பாகத்துத் துருவை மட்டும் லிஃப்டில் ஏற்றிப் பார்த்துவிடுங்கள்.

வள்ளியூரிலிருந்து ஒருவர்: தினமும் நாகர்கோவிலுக்கு வேலைக்குப் போகிறேன். டீசல் டிசையர் வாங்கினால், வண்டிக்குப் பத்து ஆண்டு ஆனபின் ஓட்டக் கூடாது என்கிறார்களே?

அந்தப் பத்தாண்டுப் பேச்சு டெல்லி வட்டாரத்தைச் சேர்ந்தது. இங்கே சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 ஆண்டு; பிறகு சோதனைக்குக் காட்டிப் புதுப்பிக்கலாம். அந்த 1248 சிசி என்ஜின் நல்ல உழைப்பாளி. மாருதி 2020இல் டீசல் கார்களை நிறுத்திவிட்டதால் கிடைப்பதெல்லாம் வயதானவைதான். டர்போ, இன்ஜெக்டர், கிளட்ச் மூன்றையும் சோதித்த பிறகு விலை பேசுங்கள். உங்கள் ஓட்டத்துக்கு டீசல் சரி. கல்யாணத்துக்கும் கோவிலுக்கும் மட்டும் கார் எடுப்பவர் என்றால் பெட்ரோலே போதும் என்பேன்.

மேலப்பாளையத்திலிருந்து ஒருவர்: ஃபோர்டு ஆஸ்பயர்?

எனக்குப் பிடித்த வண்டி. கட்டு உறுதியானது. 2021இல் அந்த நிறுவனம் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்துவிட்டதால் மறுவிற்பனை விலை அடிபடும். பல ஆண்டு வைத்து ஓட்டப்போகிறவருக்கு அதுவே லாபம்.

அம்பாசமுத்திரத்திலிருந்து ஓர் ஆசிரியை: அண்ணாச்சி, ஆர்.சி.யில் வங்கிக் கடன் இருக்கிறது. பணம் கொடுத்தால் அடைத்துவிடுகிறேன் என்கிறார் விற்பவர்.

அவர் கையில் முழுப் பணமும் கொடுக்காதீர்கள், அம்மா. நீங்களும் வங்கிக்குப் போய்க் கடன் கணக்கிலேயே கட்டுங்கள். வங்கியின் தடையில்லாச் சான்றும், ஆர்.சி.யிலிருந்து கடனை நீக்கும் 35ஆம் எண் படிவமும் கைக்கு வந்த பிறகு மீதியைக் கொடுக்கலாம். பெயர் மாற்ற 29, 30ஆம் எண் படிவங்கள். காப்பீட்டையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். க்ளெய்ம் கேட்காததற்காக விற்பவருக்குக் கிடைத்த பிரீமியம் சலுகை உங்களுக்கு வராது. பிரீமியம் கூடுவதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம்.

அதே ஆசிரியை: வண்டியை உங்களிடம் கொண்டுவந்து காட்டலாமா?

தாராளமாக. காலையிலேயே வாருங்கள். அதற்கு முன் விற்பவர் வீட்டில், என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே, நீங்கள் நின்று ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். முதலில் வரும் புகை என்ன நிறம் என்று எனக்குச் சொன்னால் போதும்.